மருந்துக் கொம்பு செய்வது எப்படி: முதல் வெட்டிலிருந்து தோள்வார் வரை

குழல் வாய்வழியே வெடிமருந்திடும் பழைய பாணித் துப்பாக்கியை வீட்டிலேயே கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கி இருக்கட்டும், முதலில் அதன் மருந்தை வைத்துக்கொள்ளும் கொம்பைச் செய்யுங்கள். குழல் என்பது முகத்துக்குப் பக்கத்தில் வெடிப்பைத் தாங்க வேண்டிய பொருள். உரிமமும் முறையான சோதனையும் தேர்ந்த ஆசானும் இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது. கொம்பில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அறுப்பது, ராவுவது, சீவுவது, கோணலான ஓட்டைக்கு மரம் பொருத்துவது, எழுத்து வெட்டுவது என்று கைக்கு வர வேண்டிய அத்தனை வித்தையையும் ஒரே கொம்பு கற்றுக்கொடுத்துவிடும். என் முதல் கொம்புக்கு மூன்று வாரம் ஆனது. இப்போதும் நிதானமாகச் செய்தால் நான்கைந்து நாள் பிடிக்கிறது.

மருந்துக் கொம்பு என்பது மாட்டுக் கொம்பின் பொந்தில் கரிமருந்தை, அதாவது பழைய பாணிக் கறுப்பு வெடிமருந்தை, அடைத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் கலம். 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் வேட்டைக்காரரும் குடிப்படை வீரரும் இதைத்தான் சுமந்தார்கள். காரணங்கள் எளியவை. கொம்பு நீர் புகாது, எடை குறைவு, கல்லில் பட்டாலும் தீப்பொறி தெறிக்காது. மெலிதாகச் சீவிய வெளிர் கொம்பை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் என்பது நிழலாகத் தெரியும். கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய கொம்புத் தகடு பொருத்திய லாந்தர்கள் ஐரோப்பாவில் இருந்தன. லண்டனில் கொம்பு வேலைக்காரர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. அதைப் பற்றிய பழைய பதிவு 1284ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இந்த வேலையில் கொம்பு கெட்டுப்போவது இரண்டே இடங்களில். ஒன்று மருந்து கொட்டுவதற்கு நுனியில் துளை போடும்போது, மற்றொன்று அகன்ற அடிவாயை மூட மரக்கட்டை பொருத்தும்போது. மற்ற தவறுகளைச் சீவிச் சரிசெய்துவிடலாம். அதனால் அந்த இரண்டைப் பற்றி விரிவாகவும், மற்றதை வேண்டிய அளவிலும் எழுதுகிறேன்.

கொம்பு எடுப்பது

வளர்ப்பு மாட்டின் கொம்பு மட்டும் எடுங்கள். காட்டு விலங்குகளின் கொம்பு பல நாடுகளில் சட்டச் சிக்கல். மான் கொம்பு இதற்கு ஆகவே ஆகாது. அது ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு, உள்ளே பொந்து கிடையாது. மாட்டுக் கொம்போ நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டின், ஓர் எலும்புக் கூம்பின் மேல் உறைபோல வளர்வது. எலும்பை எடுத்துவிட்டால் பொந்து கிடைக்கிறது. நுனி மட்டும் கெட்டியாக இருக்கும். நம் வேலை முழுவதும் இந்த அமைப்பை நம்பித்தான் நடக்கிறது.

வெளி வளைவில் அளந்தால் 30 முதல் 40 சென்டிமீட்டர், அடிவாய் 6 முதல் 8 சென்டிமீட்டர் அகலம். முதல் முயற்சிக்கு இது போதும். எருமைக் கொம்பு பளபளவென்று கறுப்பாக அழகாக இருக்கும், ஆனால் கனம் அதிகம், ஒளி ஊடுருவாது, கீறிய எழுத்தும் எடுபடாது. வெளிர் உடலும் கறுத்த நுனியும் உள்ள பசு அல்லது காளைக் கொம்பு கிடைத்தால் விடாதீர்கள். அடிவாயில் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறதா, நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். மேலோட்டமான சொரசொரப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அது முதல் நாளே போய்விடும்.

எல்லாக் கொம்பும் எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தாது என்பதை நான் இரண்டாவது கொம்பு முடிந்த பிறகுதான் உணர்ந்தேன். ஒரு மாட்டின் இரு கொம்பும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக முறுக்கியிருக்கும். நீங்கள் தொங்கவிடப்போகும் பக்கத்தில் விலாவுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அகன்ற அடி பின்னாலும் நுனி முன்னாலும் இருக்க, வளைவு உடம்பை அணைத்துக்கொண்டால் அது உங்கள் கொம்பு. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போகிற வழியெல்லாம் செடியிலும் கதவிலும் மாட்டும்.

உள்ளெலும்பு நீக்கிச் சுத்தம் செய்ததாகவே வாங்குவது உத்தமம். எலும்போடு வந்தால் வீட்டுக்கு வெளியே, சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் அரை மணி ஒரு மணி கொதிக்கவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தட்டி உருவ வேண்டும். நாற்றம் அடுத்த தெருவரை போகும். அதிக நேரம் கொதித்தால் ஏடு பிரியத் தொடங்கிவிடும்.

தூசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொம்புத் தூள் நுரையீரலுக்குக் கேடு, பதப்படாத கொம்பில் கிருமிகளும் இருக்கலாம். முகமூடி இல்லாமல் ராவாதீர்கள், முடிந்த இடத்தில் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். முடி பொசுங்கும் வாடை வந்தால் கருவி சூடேறிவிட்டது என்று பொருள், நிறுத்துங்கள். இன்னொன்று, இதைவிட முக்கியம்: யாரோ பயன்படுத்திய பழைய மருந்துக் கொம்பு கையில் கிடைத்தால் அதைத் துளைக்கவோ சூடாக்கவோ முயலாதீர்கள். உள்ளே ஓரத்தில் மருந்து ஒட்டியிருக்கலாம்.

கருவிகள்

ஆக்ஸா பிளேடு, முரட்டு மர அரம், நடுத்தர அரம், பிட்டோடு துளைக்கருவி, ரப்பர் அல்லது தோல் வைத்த வைஸ், சீவுவதற்கு உடைந்த கண்ணாடிச் சில்லு அல்லது எஃகுத் தகடு, 120, 220, 400 எண் உப்புத்தாள், நீண்ட கம்பி ஒன்று, தேன்மெழுகு. வயலின் செய்கிறவர்கள் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் முளையை, செருகும் துளையைச் சரிவாக விரிக்கப் பயன்படுத்தும் துளைவிரிப்பான் ஒன்று கிடைத்தால் பாதி வேலை எளிது. இருப்பதற்குள் விலை கூடிய கருவி அதுதான், கடன் வாங்கலாம்.

அடியை வெட்டுவது

அடிவாய் ஓரம் காகிதம்போல மெலிந்தும் கிழிந்தும் இருக்கும். சுவர் 3 மில்லிமீட்டர் கனம் வரும் இடம்வரை வெட்டித் தள்ள வேண்டும். ஒரு காகித நாடாவைச் சுற்றி, அதன் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும்படி இழுத்தால் நேர்வட்டம் கிடைக்கும். அதை ஒட்டிக் கோடு போட்டு, கொம்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே எல்லாப் பக்கத்திலிருந்தும் அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசியில் சில்லு பெயரும். வெட்டிய வளையத்தை எறிய வேண்டாம்; சாயம் தோய்த்துப் பார்க்கவும் எழுத்துக் கீறிப் பழகவும் அதைவிட நல்ல துண்டு கிடைக்காது.

நுனித் துளை

இங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பொந்து எங்கே முடிகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. கம்பியை அடிவாய் வழியே விட்டு, முட்டும்வரை தள்ளி, வாய் ஓரத்தில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதே கம்பியைக் கொம்பின் வெளிப்பக்கத்தில் வளைவோடு வளைவாக வைத்தால், கம்பியின் முனை நிற்கும் இடமே பொந்தின் முடிவு. அங்கே ஒரு குறி. அந்தக் குறியிலிருந்து நுனிவரை கெட்டிக் கொம்பு. இந்தப் பகுதிதான் பிறகு கழுத்தாகவும் மூக்காகவும் மாறும். 4 அல்லது 5 சென்டிமீட்டர் கெட்டிப் பகுதியை விட்டுவிட்டு, மிச்ச நுனியை வெட்டி எடுங்கள். வெட்டுமுகம் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தால் நல்லது.

இப்போது சிக்கல். துளைக்கும் பிட் நேராகப் போகும்; கொம்பு வளைந்து போகும். தொடங்கும் முன் ஒரு நேரான குச்சியை வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து பொந்தின் குறியை நோக்கிக் கொம்பின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு கொம்பைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் பாருங்கள். கொம்பு ஒரு திசையில் மட்டும் வளைவதில்லை, முறுக்கவும் செய்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் நேர்கோடு, மறுபக்கம் பார்த்தால் அதே கோடு சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருக்கும். நான் ஒரே பக்கம் பார்த்துவிட்டுத் துளைத்தேன். பிட் மெத்தென்று போய்க்கொண்டிருந்தது, திடீரென்று பிடி விட்டதுபோல் ஒரு தளர்ச்சி. பொந்துக்குள் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால் கழுத்தின் அடியில் எறும்புப் புற்றுபோல ஒரு சிறிய பொத்தல். அந்தக் கொம்பின் அகன்ற பாகத்தை வெட்டி, அடியில் மரம் வைத்து, குவளையாக்கிக்கொண்டேன். இன்றும் மேசைமேல் பென்சில் போட்டு வைத்திருக்கிறேன்.

கோடு வெளியே போவதாகத் தெரிந்தால் மூன்று வழி உண்டு. கெட்டிப் பகுதியை இன்னும் குறைத்து மூக்கைச் சிறிதாக்கலாம். வெட்டுமுகத்தில் நடுவை விட்டு, வளைவின் வெளிப்புறம் சற்றுத் தள்ளித் தொடங்கலாம். துளை ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், பிறகு ராவும்போது கழுத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நுனியைக் கொதிநீரில் வைத்து மெல்ல நிமிர்த்துவது. அது கைப்பழக்கம் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

முதலில் 3 மில்லிமீட்டர் பிட். மெதுவான சுற்று. அரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்து, சுற்றியிருக்கும் தூளைத் துடையுங்கள். தூள் அடைத்துக்கொண்டால் சூட்டில் இளகிப் பசைபோல ஆகி, பிட்டைக் கவ்விக்கொள்ளும். வழி சரியாகப் பொந்தில் இறங்கிய பிறகு 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு விரியுங்கள். உலர்ந்த கடுகை உள்ளே போட்டுக் கவிழ்த்தால் தடையில்லாமல் சீராகக் கொட்ட வேண்டும். கடைசியாக, துளையின் வாயைத் துளைவிரிப்பானால் சரிவாக்குங்கள். அடைப்பான் கவ்விப் பிடிப்பது இந்தச் சரிவில்தான்.

உருவம் கொடுப்பது

வெளித்தோலை முரட்டு அரத்தால் நீளவாக்கில் ராவுங்கள். அரைமணியில் சாம்பல் நிறப் பொருக்கு போய், பால் நிறமும் தேன் நிறமும் கலந்த உள்மேனி தெரியும்போது ஒரு குதூகலம் வரும். அந்தக் குதூகலத்தில்தான் அளவுக்கு மீறி ராவிவிடுகிறோம்.

மூக்கு, கழுத்து, தோள் என்று மூன்று பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பொந்தின் குறிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால், அதாவது கெட்டிப் பக்கத்தில், ரம்பத்தால் சுற்றிலும் ஒரு மெல்லிய வெட்டு. அதுதான் தோளின் விளிம்பு. அங்கிருந்து நுனிவரை கெட்டிக் கொம்பை ராவி ஒடுக்குங்கள். முதலில் நான்கு பட்டை, பிறகு எட்டுப் பட்டை, விரும்பினால் உருட்டி வட்டம். எட்டுப் பட்டையிலேயே நிறுத்திய பழைய கொம்புகள் நிறைய உண்டு, எனக்கும் அதுவே பிடிக்கும். நுனியருகே சிறு வளையம் ஒன்றை மேடாக விட்டுவிட்டால் வாரின் முடிச்சு நழுவாது.

பொந்து முடியும் இடத்தில் சுவரின் கனம் எதிர்பாராமல் மாறும். அந்தப் பகுதியில் ராவும்போது பத்து இழுப்புக்கு ஒருமுறை உள்ளே சிறு விளக்கை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் சீராகப் பரவினால் சரி. ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே அரம் போகக் கூடாது. உடலின் சுவர் 2 மில்லிமீட்டர் வந்தால் போதும். கட்டைவிரலால் அழுத்தும்போது நெளிந்தால் ஏற்கனவே கூடிவிட்டது.

அரத்தின் கோடுகளை உப்புத்தாளால் போக்க முயன்றால் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான். கண்ணாடிச் சில்லை நிமிர்த்திப் பிடித்துச் சீவுங்கள். இதில்தான் எனக்கு இந்த வேலையிலேயே அதிக சுகம். சுருள் சுருளாக, பூண்டுத்தோல்போல மெலிதாக உரியும். "கொம்பு சீவி விடுவது" என்று நாம் சண்டை மூட்டுகிறவர்களைச் சொல்கிறோம். நிஜத்தில் கொம்பு சீவுகிறவனுக்கு யாரோடும் சண்டை போடத் தோன்றாது. சீவி முடித்த பிறகு உப்புத்தாள் மூன்றையும் வரிசையாகப் போட்டால் போதும்.

அடிக்கட்டை

இரண்டாவது கண்டம் இது. கொம்பின் அடிவாய் வட்டமாக இருக்காது. முட்டை வடிவம், அதிலும் ஒரு பக்கம் சற்றுத் தட்டை. மரத்தைக் கொம்புக்கு ஏற்பச் சீவுவது ஒரு வழி, கொம்பை மரத்துக்கு ஏற்ப வளைப்பது இன்னொரு வழி.

வளைப்பதை முதலில் சொல்கிறேன். கெரட்டின் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். கடினமான மரத்தில் ஒரு கூம்பு செய்துகொள்ளுங்கள். கொம்பின் அடிப்பகுதி 5 சென்டிமீட்டர் மூழ்கும்படி கொதிநீரில் 15, 20 நிமிடம் வையுங்கள். தடித்த கையுறையோடு எடுத்து, உடனே கூம்பை அழுத்தித் திருகி, அப்படியே முழுவதும் ஆறும்வரை விட்டுவிடுங்கள். பொறுமையில்லாமல் ஒரு மணி நேரத்தில் கூம்பை உருவினால் வாய் பாதி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், கொம்புக்கு ஞாபகம் அதிகம். கொதிக்கும் எண்ணெயில் தோய்த்தால் வடிவம் நன்றாக நிலைக்கும் என்று தொழில்காரர்கள் செய்வதுண்டு. சில நொடி பிசகினாலும் கொம்பு பொரிந்து சுருண்டுவிடும், கையும் வெந்துவிடும். வீட்டில் வேண்டாம்.

முட்டை வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம். கொம்பு தானாக வளர்ந்த வடிவம் உடம்போடு நன்றாகப் படிகிறது. வாயைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து உள்விளிம்பை வரைந்து, அதைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக மரத்தை அறுத்துக்கொள்ளுங்கள். பைன் மரம் லேசானது, சீவ எளிது; வால்நட்டும் செர்ரியும் மேப்பிளும் அழகு. எதுவானாலும் நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் இன்று இறுக்கமாக உட்காரும், ஆறு மாதத்தில் சுருங்கி ஓரம் முழுக்க இடைவெளி விடும்.

உள்ளே போகும் பாகம் 2 சென்டிமீட்டர் ஆழம், லேசான சரிவோடு. விளக்குக் கரியை விரலில் தொட்டுக் கொம்பின் உள்விளிம்பில் தடவுங்கள். கட்டையை அழுத்தி எடுத்தால் தொட்ட இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். கறுப்பை மட்டும் சீவுங்கள். மறுபடியும் கரி, மறுபடியும் அழுத்து, மறுபடியும் சீவு. முதலில் இரண்டே இடத்தில் கறுப்பு விழும். பிறகு நான்கு, ஐந்து. இருபதாவது முறையோ முப்பதாவது முறையோ, சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் அறுபடாமல் விழும். அந்த வளையத்தைப் பார்க்கிறவரை எழுந்திருக்காதீர்கள். கட்டையின் ஒரு பக்கத்தில் அடையாளம் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே திசையில்தான் நுழைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டால் முப்பது முறையும் வீண். மறந்திருக்கிறேன்.

வாரைக் கட்டுவதற்குக் கட்டையின் வெளிமுகத்தில் ஒரு குமிழைச் செதுக்கலாம், அல்லது வளைத்த பித்தளைக் கம்பியை அடிக்கலாம். மருந்து நிரப்பும் வழி அடியில் வேண்டும் என்றால் கட்டையின் நடுவில் பெரிய துளையிட்டுத் தனி அடைப்பான் வைப்பார்கள். பென்சில்வேனியாப் பகுதிக் கொம்புகளில் நுனியே மரையிட்டுத் திருகிக் கழற்றும்படி அமைந்தது உண்டு; அழகான வேலை, அதற்குக் கடைசல் இயந்திரம் வேண்டும்.

பொருத்தும் நாளில் கொம்பின் வாயைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்து, கட்டையை இறக்குங்கள். ஆறும்போது கொம்பு சுருங்கிக் கவ்விக்கொள்ளும். மறுநாள், விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஆறு அல்லது எட்டு இடத்தில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு மர ஆணி அடியுங்கள். எதிரெதிராக அடித்துக்கொண்டு போக வேண்டும். துளை போடாமல் நேராக ஆணி அடித்தால் டப்பென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், நீளவாக்கில் பிளந்துவிட்டது என்று அர்த்தம்.

மூட்டை அடைக்கத் தேன்மெழுகு. மெழுகை உருக்கி மூக்கு வழியே கொஞ்சம் ஊற்றி, கொம்பை நிமிர்த்திப் பிடித்துச் சுழற்றினால் உள்ளே கட்டையின் ஓரமெல்லாம் ஓடி உறையும். பிறகு சோதனை: மூட்டின்மேல் சோப்பு நுரையைத் தடவி, மூக்கில் வாய் வைத்து ஊதுங்கள். குமிழி எழும் இடத்தில் மறுபடியும் மெழுகு. மெழுகு தவிர வேறு எண்ணெய், வார்னிஷ் எதுவும் உள்ளே போக வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு மருந்தைக் கெடுத்துவிடும்.

அடைப்பான்

உறுதியான மரத்தில் பிரடைபோலச் செதுக்குங்கள். சரிவு துளையின் சரிவோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேயும் அதே கரி வித்தைதான். லேசாகத் திருகினால் இறுக வேண்டும், இரு விரலால் கழற்ற வர வேண்டும். வயலினின் பழைய பிரடையையே வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரு நூலால் வாரோடு கட்டிவையுங்கள்; நான் தொலைத்த அடைப்பான்களைச் சேர்த்தால் ஒரு வீணைக்கே பிரடை மாட்டியிருக்கலாம்.

நிறம்

பழைய கொம்புபோல மஞ்சள் கலந்த பழுப்பு வேண்டும் என்றால் கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் வேலை செய்யும். கம்பளியும் கொம்பும் ஒரே கெரட்டின் அல்லவா. சிறிது வினிகர் சேர்த்து, வெதுவெதுப்பான சாயத்தில் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். கொதிக்கிற சாயத்தில் போட்டால் அடிக்கட்டை தளர்ந்துவிடும். நைட்ரிக் அமிலம் தடவிப் பழுப்பாக்குவது அந்தக் காலத்து முறை. அதன் புகை பொல்லாதது, பக்கத்திலேயே போகாதீர்கள். சாயம் ஏறிய பிறகு, கை அதிகம் படக்கூடிய மேடுகளில் மட்டும் 400 எண் தாளால் லேசாகத் தேய்த்தால் பல வருடம் புழங்கியது போன்ற சாயல் வரும். சிலர் இதைப் பொய் என்பார்கள். நான் என் கொம்புகளுக்குச் சாயமே போடுவதில்லை.

எழுத்து கீறுவது

கொம்பைக் கலமாகச் செய்தவர்கள் ஆயிரம் பேர். அதைப் பேச வைத்தவர்கள் கீறியவர்கள். 1754 முதல் 1763வரை வட அமெரிக்காவில் பிரிட்டனும் பிரான்சும் மோதிய பிரெஞ்சு–செவ்விந்தியப் போரிலும், அடுத்து வந்த அமெரிக்க விடுதலைப் போரிலும் முகாமில் காத்துக்கிடந்த வீரர்கள் கொம்பில் பெயரையும் தேதியையும் இடத்தையும் கீறிவைத்தார்கள். "இன்னாருடைய கொம்பு இது" என்பதுதான் வழக்கமான வாசகம். அட்சன், மோஹாக் ஆறுகளின் ஓட்டத்தையும் கரையோரக் கோட்டைகளையும் வரைபடமாகக் கீறிய கொம்புகளும் இருக்கின்றன. எழுத்தறிவு குறைந்தவர் கீறியதில் ஆங்கில 'என்' எழுத்து திரும்பி நிற்கும். மாசசூசெட்ஸ் குடிப்படையில் இருந்த ஜான் புஷ் என்ற கறுப்பின வீரர் 1755 வாக்கில் லேக் ஜார்ஜ் முகாமில் சக வீரர்களுக்காகக் கீறிய கொம்புகளில், கொடிபோலச் சுழன்று ஓடும் எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பழகினார்கள். 1757இல் வில்லியம் ஹென்றிக் கோட்டை வீழ்ந்தபோது பிடிபட்ட அவர் வீடு திரும்பவில்லை.

முறை நமக்கு அந்நியம் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைத்தார்களே, அதேதான். மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு மிச்சம் இருந்தால் மை அங்கெல்லாம் ஏறி, அழுக்குத் துணிபோல ஆகிவிடும். கீறும் முன் மெழுகை மெல்லத் தேய்த்துத் துடைப்பதும் இதற்காகத்தான். ஊசியைப் பேனாக் கட்டையில் செருகிக்கொண்டால் போதும், கூர்மையான கத்தி முனையும் ஆகும். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழட்டும். அப்போதுதான் கீறல் நிழலோடு தெரியும். மென்மையான பென்சிலால் வரைந்துகொண்டு, ஒரே கோட்டை அழுத்திக் கீறாமல் இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டுங்கள். அழுத்தினால் ஊசி நாரோடு நழுவி எங்கோ ஓடிவிடும்.

ரோமன் எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடு, கொம்பில் எளிதாக விழும். நம் எழுத்தோ வளைவும் சுழியுமாக இருப்பது. 'கொம்பு' என்று கீறப்போனால் முதல் எழுத்திலேயே ஒரு கொம்பு, ஒரு கால், நடுவில் ககரம். கையைச் சுழற்றிக் கீறினால் கோணலாகும். கை அசையாமல் இருக்க, கொம்பைத்தான் ஊசிக்குக் கீழே திருப்ப வேண்டும். அடியில் துணிப்பொதி ஒன்று வைத்து, அதில் கொம்பைக் கிடத்தி, இடது கையால் உருட்டிப் பழகுங்கள். 'ழ'வின் அடிச்சுழி சரியாக வருகிற நாளில் நீங்கள் தேறிவிட்டீர்கள். வெட்டிய வளையத்தைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான்.

நான்கைந்து எழுத்து முடிந்ததும் கறுப்பு மையைத் தொட்டு வைத்து, சில நொடியில் ஈரத்துணியால் துடையுங்கள். கீறலில் மட்டும் மை நிற்கும். தப்பாகக் கீறியதைக் கண்ணாடிச் சில்லால் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி மெருகேற்றிக்கொள்ளலாம். மெலிந்த சுவரில் இந்தச் சலுகை ஒருமுறைதான்.

வாரும் பராமரிப்பும்

தோல் வாரோ நெய்த கம்பளி வாரோ, கொம்பு இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே நிற்கும் நீளம் வேண்டும். மூக்குப் பக்கம் வளையத்துக்குப் பின்னால் முடிச்சு, அடிப்பக்கம் குமிழில் முடிச்சு.

சுவரில் மாட்டி வைப்பதோடு நிறுத்தாமல் உரிமத்தோடு மருந்திட்டுப் புழங்கப்போகிறவர்கள் ஒரு விதியை மீறவே கூடாது: கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்தின வெடியின் கனல் குழலுக்குள் மினுங்கிக்கொண்டிருந்தால், கொம்பில் இருக்கும் மருந்து முழுவதும் கையிலேயே வெடிக்கும். தனி அளவைக் குப்பியில் ஊற்றி, கொம்பை மூடி ஒதுக்கிய பிறகே குப்பியைக் குழலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெறும் கொம்பைப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் கம்பளியை அரிக்கும் அதே வண்டுகள் இதையும் அரிக்கும். மேலே வரிவரியாகப் பள்ளம் விழுந்து, கீறிய எழுத்தின் பாதியைத் தின்றுவிடும். வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மெழுகு தடவித் துடையுங்கள். நேர் வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. கட்டை சுருங்கும், மெழுகு இளகும், சோப்பு நுரைச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.